தின்னிக்கு இரண்டாம் பந்தி

நாத்தனார் என்றாலே ஒரு கெட்ட பேர் உண்டு. அண்ணன் காதில் ஒன்று, அண்ணி காதில் ஒன்று ஓதிவிட்டு, நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவள் என்று. என் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். இவர்கள் இரண்டு பேரும் யார் உதவியும் இல்லாமல் தாங்களாகவே முட்டிக்கொண்டார்கள். நான் பாவம், நடுவில் தபால்காரியாக ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்கள். அண்ணனும் அண்ணியும் அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். நான் அதே மாடியில் இருட்டறைக்குள் பெரிய மைக்ராஸ்கோப்பை இயக்குகிறவள். ஆக, காலையில் சமையலறையில் ஆரம்பிக்கும் தபால் சேவை சாயங்காலம் செருப்பைக் கழற்றும் வரை நிற்காது.

"வாலு, உங்க அண்ணன்கிட்ட சொல்லு, குழாய மூடாம வந்துட்டாருன்னு." வாலு நான்தான். அண்ணன் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"அண்ணா, நீங்க குழாய மூடலையாம்."

அண்ணன் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். "சில பேர் கண்ணாடிய எங்கயோ வச்சுட்டு வீடு முழுக்கத் தேடுறாங்க. அத நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டா இருக்கேன்?"

இந்த 'சில பேர்' என்கிற ஆள் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் குடியிருந்தார்.

சண்டை எதைப் பற்றி என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லைப் பற்றி. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் அதை முழுசாக விழுங்கித் தீர்க்கிற வெள்ளணு ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் மரியாதையாகப் பெருவிழுங்கி என்று போட்டிருப்பார்கள். எங்கள் கூடத்தில் அதற்குப் பேர் தின்னி. அதற்குப் பல்லும் கிடையாது, வாயும் கிடையாது. கிருமியைத் தொட்டதும் தன் மேல்சவ்வையே இரண்டு பக்கமும் நீட்டி, சுற்றிப் போர்த்தி, அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். போர்த்திய சவ்வும் கிருமியோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அடுத்த கிருமிக்கு இன்னொரு துண்டு சவ்வு. அதற்கடுத்ததற்கு இன்னொன்று.

இப்படியே போனால் கொஞ்ச நேரத்தில் மேல்சவ்வு தீர்ந்து தின்னி சுருங்கிப்போக வேண்டாமா? போகாது. எவ்வளவு தின்றாலும் அசராமல் அடுத்ததற்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த உபரிச் சவ்வு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அண்ணன் கட்சி ஒன்று. தின்னியின் மேல்சவ்வு வழவழப்பானது இல்லை, இஸ்திரி போடாத சட்டை மாதிரி ஏகப்பட்ட சுருக்கம். வேண்டும்போது சுருக்கம் விரிந்துகொடுக்கும், அவ்வளவுதான் என்பார். அண்ணி கட்சி வேறு. சுருக்கம் எல்லாம் முதல் சில வாய்க்குத்தான் காணும். அதற்குப் பிறகு செல்லுக்குள் இருக்கும் குட்டிக் குட்டிப் பைகள் மேலே ஏறி வந்து, சரியாக விழுங்குகிற இடத்தில் ஒட்டி, தங்கள் சவ்வைக் கொடுக்கின்றன. உள்ளே போன சவ்வு வீணாகாமல் பையாகிப் பையாகித் திரும்பி வாசலுக்கு வருகிறது. இதுதான் அண்ணியின் கருத்து. எனக்குக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போன கருத்தும்கூட. ஆனால் எனக்குப் பிடித்தால் போதுமா, படத்தில் தெரிய வேண்டாமா?

போன வாரக் கூட்டத்தில் அண்ணி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மேடம், எங்க வீட்ல அலமாரியத் திறந்தா துணிக்குப் பின்னால ஒரு பை இருக்கும், அந்தப் பைக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள ஒரு டப்பா. இவங்க எல்லாத்தையும் உள்ள பதுக்கி வைக்கிற ரகம். அதான் தின்னியும் அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறாங்க."

கூட்டமே சிரித்தது. எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர், எதற்கும் சிரிக்காத பெரிய மேடம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன், அது வேறு விஷயம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுட்டுகோலை மேசையில் வைத்தார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

அதே கூட்டத்தின் முடிவில் பெரிய மேடம் இன்னொரு குண்டையும் போட்டார். இரண்டு கட்சிக்கும் ஆள் போட முடியாது. இந்த வாரம் மைக்ராஸ்கோப்பில் அவரவர் முறை முடியட்டும், யார் படம் பேசுகிறதோ அந்த வேலை தொடரும், மற்றவர் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்றார். அண்ணனின் சுருக்கங்கள் படத்தில் ஏற்கனவே ஓரளவு அழகாகத் தெரிந்துகொண்டிருந்தன. அண்ணியின் பைகளோ கண்ணாமூச்சி ஆடின. அதாவது, அண்ணி தன் பைகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு அண்ணனுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதுதான். புருஷனுக்குக் கீழே! அதுவும் எல்லார் முன்னாலும் தன்னைக் கேலி செய்த புருஷனுக்குக் கீழே. 

அண்ணியின் செய்முறை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. தின்னிகள் வளரும் தட்டில் சிவப்புச் சாயம் விடுவார். மேல்சவ்வு முழுக்கச் சிவப்பாகும். அப்படியே கொஞ்ச நேரம் விட்டால், தின்னி சும்மா இருக்கும்போதும் சிறு மிடறுகளாக மேல்சவ்வை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அதோடு கொஞ்சம் சிவப்பும் உள்ளே போகும். பிறகு ஒரு கரைசலை விட்டு வெளியே இருக்கும் சிவப்பை அழித்துவிடுவார். அந்தக் கரைசல் செல்லுக்குள் நுழையாது, அதனால் உள்ளே போன சிவப்பு பிழைத்துக்கொள்ளும். கரைசலைக் கழுவியதும் சாப்பாடு. சாப்பாடு என்று நாங்கள் சொல்வது குட்டியூண்டு பிளாஸ்டிக் மணிகளை. கிருமி என்று தின்னி ஏமாறும்படி மேலே மருந்து பூசியிருக்கும். இப்போது வெளிப்பக்கம் இருட்டு. விழுங்குகிற இடத்தில் திடீரென்று சிவப்பு தெரிந்தால், அது உள்ளேயிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

தெரிய வேண்டும். தெரியவில்லை. சிறு மிடறுகளில் உள்ளே போகிற சிவப்பு அவ்வளவு குறைவு. அண்ணி திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து, "இதோ, லேசா, லேசா" என்பார். நானும் பாசத்தில், "ஆமா அண்ணி, லேசா" என்பேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கடைசி நாளும் வந்தது. காலையில் அண்ணனின் முறை முடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் அண்ணி. தன் தட்டில் சாயத்தை விட்டு வெதுவெதுப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கரைசல் கலக்க அடுத்த அறைக்குப் போனார். நான் இருட்டறை வாசலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பூனை மாதிரி வந்தார், பெட்டிப் பக்கம் போனார், ஏதோ செய்தார், திரும்பி வந்தார். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"வாலு, உங்க அண்ணிகிட்ட சொல்லிடு. சாப்பாடு போட்டாச்சுன்னு."

சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். நான் தபால்காரிதானே, தபாலைப் பிரித்தா பார்ப்பேன்? அண்ணி வந்ததும் அப்படியே பட்டுவாடா செய்தேன்.

"அண்ணி, அண்ணா சொல்லச் சொன்னாரு. சாப்பாடு போட்டாச்சாம்."

அண்ணியின் முகம் சிவந்தது. முந்தின நாள்தான் அண்ணன் சாப்பாட்டு அறையில் தானே தட்டு எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி வைத்து, சமாதானம் பேசப் பார்த்து மூக்குடைபட்டிருந்தார்.

"தெனமும் ஒரு தட்டுல சோத்தப் போட்டு வச்சா எல்லாம் சரியாயிடுமா? அவரையே சாப்பிடச் சொல்லு. எனக்குப் பசிக்கல."

இதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அண்ணன் அங்கே இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

அண்ணி தட்டை எடுத்தார். வெளிச் சாயத்தை அழித்தார், கழுவினார், மறுபடி கழுவினார். கோபத்தில் இருந்தால் அண்ணி நன்றாகக் கழுவுவார், வீட்டுப் பாத்திரமும் அப்படித்தான் மின்னும். தட்டை மைக்ராஸ்கோப்பில் ஏற்றி விளக்கை அணைத்தோம்.

"அண்ணி, இன்னிக்கு சாயம் உள்ள நல்லாவே ஏறியிருக்கு போல. பாருங்க, எப்படி ஜொலிக்குது!"

"கண்ணு வைக்காத. ரெக்கார்ட் போடு."

போட்டேன். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிகளை விட்டார். திரையில் ஒரு தின்னி. வெளிப்பக்கம் கரி இருட்டு. ஒரு மணி மிதந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது. தின்னி மெதுவாக இரண்டு பக்கமும் கை நீட்டியது. மணியைச் சுற்றி ஏறியது. பாதி ஏறியிருக்கும், அடியிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டு கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. சாரி சாரியாக மேலே வந்து, மணி இருந்த இடத்தில் ஒட்டி, அப்படியே கரைந்து பரவின. வாய் மூடுவதற்கு முன்பே மணியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு சிவப்பு வளையம்.

லேசாக எல்லாம் இல்லை. கண் மங்கினவர்கூட அறைக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. பக்கத்தில் இன்னொரு தின்னி. அங்கேயும் வளையம். மூலையில் ஒன்று, அங்கேயும். இருட்டில் அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரத்துக்கப்புறம் கேட்கிற சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாலு, திருப்பிப் போடு. மொதல்லேருந்து."

திருப்பிப் போட்டேன். அங்கேதான் வினை. அண்ணி மணி விடுவதற்கு முந்தின காட்சியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

"நிறுத்து. இது என்ன?"

தின்னிகளின் வயிற்றில் உருண்டை உருண்டையாக மணிகள். ஒவ்வொன்றும் தடித்த சிவப்பு உறைக்குள். சாப்பாடு போடுவதற்கு முன்பே இவை சாப்பிட்டிருந்தன!

"போச்சு," என்றார் அண்ணி. "தட்டு கெட்டுப்போச்சு. யாரோ ஏற்கனவே மணி போட்டிருக்காங்க. இத மேடம்கிட்ட எப்படிக் காட்டுறது? அழுக்குத் தட்டுன்னு ஒரே வார்த்தைல தள்ளிடுவாங்க." முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

"அண்ணி, அண்ணா சொன்ன சாப்பாடு, இந்தச் சாப்பாடு!"

அண்ணி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கதவை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு வெளியே போனார். அண்ணன் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க! என் தட்டுல கைய வச்சீங்களா?"

ஒரு வாரத்தில் முதல் நேரடிப் பேச்சு. அண்ணன் பயத்தில் என்னைப் பார்த்தார், நான் எதையாவது எடுத்துச் சொல்வேன் என்று. நான் வாயே திறக்கவில்லை.

"கடைசி நாளாச்சே, உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு நான்தான் மணி போட்டேன். சொல்லிவிட்டேனே..."

"சாயத்த அழிச்ச பிறகுதாங்க சாப்பாடு! என் செய்முறைய எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்?"

"எனக்கு அழிக்கிற வேலையே கிடையாதே. சாயம், உடனே சாப்பாடு. பழக்கதோஷம்." அண்ணனுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. "கெட்டுப்போச்சா?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. கண் எங்கேயோ போய்விட்டது. அவருக்கு எதுவும் புரிகிற நேரத்தில் முகம் இப்படித்தான், அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்த மாதிரி ஆகும்.

"இருங்க, இருங்க. நீங்க சிவப்பு மேல இருக்கும்போதே சாப்பாடு போட்டிருக்கீங்க. அதுங்க மணியோட சேர்த்து சிவப்புச் சவ்வ வாய் வாயா உள்ள தள்ளியிருக்கு. நான் சும்மா விட்டா மிடறு மிடறாத்தான் போகும், இது அள்ளி அள்ளிப் போயிருக்கு. அப்புறம் நான் வெளிய இருந்தத அழிச்சேன். மறுபடி சாப்பாடு போட்டேன். அப்போ வாசலுக்கு வந்த சிவப்பு..."

"மொதல் பந்தில உள்ள போன சவ்வு," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அடேயப்பா. ரெண்டாவது பந்திக்கு அதே சவ்வு திரும்பி வருது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் வாக்கியத்தை மற்றவர் பிடுங்கி முடிக்க, அவர் கையை இவர் தட்டிவிட, என்னை ஒருத்தரும் சீந்தவில்லை. தபால் நிலையத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த அநாதரவு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

சத்தம் கேட்டுப் பெரிய மேடம் வந்தார். படத்தை நின்றபடி பார்த்தார், உட்கார்ந்து மறுபடி பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா ஒரு தடவ வந்தா அது குருட்டு அதிர்ஷ்டம். வெளிய அழியாம மிச்சமிருந்த சாயமாக்கூட இருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் மைக்ராஸ்கோப் உங்களுதுதானே? என் கண் முன்னால இன்னொரு தட்டு பண்ணுங்க. வந்தா பேசலாம், வரலேன்னா சுருக்கம்தான்."

அண்ணிக்கு வேர்த்தது. புதுத் தட்டு எடுத்து, அண்ணி சாயம் விட்டார். அடுத்த கட்டம் அண்ணனுடையது. முதல் தட்டில் யார் போட்டாரோ அவரே போடட்டும் என்றார் மேடம். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கையைத் துடைத்தார், பொறுப்பான புருஷனாக முன்னால் வந்தார். நேராக அழிக்கிற கரைசலை எடுத்தார்.

"ஐயோ, அத வைங்க!" அண்ணி கத்திய கத்தலில் மேடமே துள்ளிவிட்டார். "சரியா பண்ணாதீங்க! மொதல்ல பண்ண மாதிரியே தப்பா பண்ணுங்க!"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாத வசனம். கரைசலை வைத்துவிட்டு மணிகளை எடுத்துத் தப்பாகவே போட்டார். காத்திருந்தோம். அண்ணி வெளிச் சாயத்தை அழித்தார், கழுவினார். நான் தட்டை ஏற்றினேன், விளக்கை அணைத்தேன். மேடம் கேட்டபடி முதலில் வெறும் படம். வயிற்றில் சிவப்பு உருண்டைகள், வெளிப்பக்கம் துளிச் சிவப்பு இல்லை. அண்ணி இரண்டாம் சாப்பாட்டைப் போட்டார்.

முதல் தின்னி மணியைத் தொட்டுவிட்டு அசையாமல் நின்றது. அண்ணி மூச்சு விடுகிற சத்தமே இல்லை. எனக்கு அந்தத் தின்னியைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. பிறகு மெதுவாகக் கை நீட்டியது. அடியிலிருந்து ஒரு பொட்டு. இன்னொன்று. சாரி.

வளையம்.

"வந்துடுச்சு!" என்று கத்தியது அண்ணியோ நானோ இல்லை, அண்ணன். தன் கட்சி தோற்றதற்கு இப்படிக் குதிக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. நாற்காலியைத் தட்டிவிட்டு, என் காலை மிதித்து, இருட்டில் மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகுதான் ஆள் மாறிவிட்டது என்று தெரிந்து கையை விட்டார்.

விளக்கைப் போட்டபோது பெரிய மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய.

"பைதான். சந்தேகமே இல்ல. இந்த வேலை தொடரும், நீதான் நடத்துற," என்றார் அண்ணியிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "உன்ன என்ன பண்றது?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மேடம், அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேன். அதனால மன்னிப்பும் எல்லார் முன்னாடியும் கேக்கணும். நாளைக்குக் கூட்டத்துல கேக்குறேன். இவங்களுக்குக் கீழ வேலை பாக்க நான் தயார். சேத்துப்பாங்களான்னுதான் தெரியல."

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே முதலாளி தோரணையில் நிமிர்ந்தார். "சேத்துக்கிறேன். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே நான் சொல்றதக் காது குடுத்துக் கேக்கணும்."

என் நாக்கு எனக்கு எப்போதுமே எதிரி. "காது குடுத்துக் கேட்டிருந்தா இன்னிக்கு இந்தப் படமே வந்திருக்காதே அண்ணி?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சும்மா இரு!" என்றார்கள், ஒரே குரலில்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.